கடைமடை வயலில் சோடியம்: செல் சவ்வின் அயனிச் சமநிலையும் 'உப்பைத் தாங்கும் நெல்' என்ற விளக்கமும்

1. கேள்வி

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையில் ஏறியபோது வயல்களில் சம்பா கதிர் முற்றிக்கொண்டிருந்தது. அன்றைய மாவட்ட எல்லைக்குள் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டின் உயிரிழப்பில் பெரும்பகுதி இந்த ஒரு மாவட்டத்தினுடையது. அந்தத் துயரத்தின் நடுவே நிலத்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வந்திருக்காது. ஆனாலும் சில வாரங்களில் அந்தப் பேச்சு வந்தே தீர வேண்டியிருந்தது. கடல்நீர் நின்று வடிந்த வயல்களில் பயிர் கருகியது, குளங்களும் கிணறுகளும் உவர்த்தன, தை, மாசி வெயிலில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. இந்த நிலத்தில் இனி நெல் விளையுமா என்று உழவர்கள் கேட்டார்கள்.

அதற்கு இரண்டு வகைப் பதில்கள் கிடைத்தன. உப்பைத் தாங்கும் நெல் ரகங்களைக் கண்டுபிடித்தோ உருவாக்கியோ தர வேண்டும் என்பது ஒன்று. நிலத்தைக் கழுவி உப்பை வெளியேற்ற வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியானவை, இரண்டுமே செய்யப்பட்டன. ஆனால் பொதுவெளியில் முதல் பதிலுக்கே ஈர்ப்பு அதிகம். உப்பை எதிர்க்கும் குணம் விதைக்குள் ஒரு மரபணுவாக உறைந்திருக்கிறது, அதை எடுத்து இன்னொரு நெல்லில் வைத்துவிட்டால் கதை முடிந்தது என்ற எண்ணம் நாளிதழ்ச் செய்திகளிலும் ஆய்வு நிறுவனங்களின் அறிவிப்புகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

இக்கட்டுரை அந்த எண்ணத்தைச் சோதிக்கிறது. 'தாங்குதல்' என்று நாம் சொல்வது செல் சவ்வின் அளவில் என்ன? அது ஒரு பம்பின் வேலையா, பல வேலைகளின் கூட்டு விளைவா? செல் தன் அயனிச் சமநிலையை எவ்வாறு காக்கிறது என்பதை அறியாமல் இக்கேள்விக்கு விடை காண முடியாது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

2. கசிவும் இறைப்பும்

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சோடியம் ஏறத்தாழ 470 மில்லிமோல், பொட்டாசியம் வெறும் 10 மில்லிமோல். உயிருள்ள செல்லுக்குள் இந்த விகிதம் தலைகீழாகிறது. மனித செல்லின் உட்புறத்தில் பொட்டாசியம் 140 மில்லிமோல் அளவிலும் சோடியம் 10 முதல் 15 வரையிலும் இருக்கின்றன. செல்லுக்கு வெளியே இரத்தத்தின் நீர்ப்பகுதியில் சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5. நெல்லின் சைட்டோபிளாசத்திலும் பொட்டாசியம் 100 மில்லிமோலை ஒட்டியே காக்கப்படுகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் இயங்கப் பொட்டாசியம் வேண்டும். புரதம் கட்டும் ரைபோசோமுக்கும் அது வேண்டும். அளவிலும் மின்னூட்டத்திலும் நெருங்கிய சோடியம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் வேலை நின்றுபோகும்.

இந்த வேறுபாட்டை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் ஒரு தவறான விளக்கத்தில் நின்றார்கள். சவ்வு சோடியத்தை அறவே உள்ளே விடுவதில்லை, அதனால்தான் உள்ளே குறைவாக இருக்கிறது என்று கருதினார்கள். கதிரியக்கச் சோடியம் கைக்கு வந்தபிறகு அந்த விளக்கம் தகர்ந்தது. சோடியம் ஓயாமல் உள்ளே நுழைவதும் ஓயாமல் வெளியேற்றப்படுவதும் தெரியவந்தன. 1941-இல் ராபர்ட் டீன் தசை செல்லில் ஒரு 'பம்பு' இருந்தாக வேண்டும் என்று வாதிட்டார். 1955-இல் ஹாட்ஜ்கினும் கீன்ஸும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கும் நச்சைச் செலுத்தினார்கள். சோடியம் வெளியேறுவது குறைந்தது, நச்சைக் கழுவியதும் மீண்டது. 1957-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் யென்ஸ் ஸ்கௌ கடற்கரை நண்டின் கால் நரம்புகளிலிருந்து அந்தப் பம்பையே அடையாளம் கண்டார். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நொதி அது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

செல்லின் நிலை கசியும் தோணியில் இருந்துகொண்டு விடாமல் நீர் இறைப்பவருடையது. தோணி மிதப்பது கசிவு இல்லாததால் அல்ல. கசியும் அளவுக்கு இறைப்பும் நடக்கிறது, அவ்வளவுதான். டாஸ்டிசனும் ஹாஃப்மனும் 1960-இல் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைக் கொண்டு இதைக் கணித வடிவில் காட்டினார்கள். சில ஆடுகளின் சிவப்பணுவில் பொட்டாசியம் மிகுதி, சிலவற்றில் குறைவு. இரண்டு வகையிலும் செல் தன் பருமனைக் காத்துக்கொள்கிறது. கசிவும் இறைப்பும் சேர்ந்தே எந்த அளவில் நிலைகொள்வது என்பதை முடிவு செய்கின்றன என்பது அவர்களுடைய முடிவு.

இதிலிருந்து நமக்கு வேண்டியது இது. அயனிச் சமநிலை ஓய்ந்து நிற்கும் நிலை அல்ல, ஒவ்வொரு கணமும் ஆற்றல் கொடுத்து வாங்கப்படுவது. ஓய்ந்திருக்கும் மனித உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பம்புக்கே போகிறது.

3. நெல்லிடம் அந்தப் பம்பு இல்லை

பள்ளிப் பாடத்தில் சோடியம்–பொட்டாசியம் பம்பைப் படித்தவர்கள் நெல்லிலும் அதுவே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பூக்கும் தாவரங்களில் அந்தப் பம்பு கிடையாது. நெல் வேரின் செல் ஏடிபியைக் கொண்டு நேரடியாக வெளியேற்றுவது புரோட்டான்களை, அதாவது ஹைட்ரஜன் அயனிகளை. அதனால் சவ்வின் உட்புறம் எதிர்மின்னாகிறது. வேர் செல்லில் இந்த மின்னழுத்தம் சாதாரணமாக மைனஸ் 120 மில்லிவோல்ட்டோ அதற்கும் ஆழமாகவோ இருக்கும். ஐந்து நானோமீட்டர் தடிப்புள்ள சவ்வின் குறுக்கே 120 மில்லிவோல்ட் என்பது ஒரு மீட்டருக்கு இரண்டு கோடி வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்புலம்.

இந்த மின்விசைதான் மண்ணில் அரிதாக இருக்கும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துத் தருகிறது. சோடியமும் அதே நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால் அதையும் இழுக்கிறது. மைனஸ் 120 மில்லிவோல்ட்டில், தடை எதுவும் இல்லாவிட்டால், செல்லின் உள்ளே சோடியம் வெளியிலிருப்பதைப்போல நூறு மடங்கு சேரும்வரை அந்த விசை ஓயாது. உவர் வயலில் நிற்கும் நெல்லின் இக்கட்டு இங்கேதான் தொடங்குகிறது. தன் உணவுக்காக அது கட்டியெழுப்பிய விசையே பகையையும் கூட்டி வருகிறது.

நுழைந்த சோடியத்தை என்ன செய்வது? தாவரத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வேரின் வெளிச் சவ்விலுள்ள எஸ்ஓஎஸ்1 என்ற மாற்றுக்கடத்தி. ஒரு புரோட்டானை உள்ளே விட்டு ஒரு சோடியத்தை வெளியே தள்ளுகிறது. கால்சியத்தை உணரும் ஒரு புரதமும் அதனோடு இணைந்த இன்னொன்றும் இதை முடுக்குகின்றன. அரபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில் ஜியான்-காங் ஜூவின் குழு 1990களின் பிற்பகுதியிலிருந்து இதைப் படிப்படியாகத் துலக்கியது. இரண்டாவது, சைலம் குழாயை ஒட்டிய செல்களில் இருக்கும் எச்கேடி1;5. வேரிலிருந்து இலைக்கு ஏறும் நீரிலிருந்து சோடியத்தை வடித்தெடுத்து வேரிலேயே நிறுத்துகிறது. வங்கத்தின் உவர்நில நெல்லான நோனா போக்ராவையும் ஜப்பானின் கோஷிஹிகாரியையும் கலந்து, சீனாவில் லின் ஹோங்-ஷுவானின் குழு 2005-இல் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது. மூன்றாவது வழி, வந்துவிட்ட சோடியத்தைச் செல்லின் உள்ளறையான வாக்குவோலுக்குள் அடைத்துச் சைட்டோபிளாசத்தைக் காப்பது. என்எச்எக்ஸ் வகைக் கடத்திகளுக்கு நெடுநாள் இந்த வேலையே சொல்லப்பட்டது.

வேதாரண்யம் உப்பளங்களின் ஓரத்தில் வளரும் உமரிச் செடி மூன்றாவது வழியில் கைதேர்ந்தது. அதன் சதைப்பற்றுள்ள தண்டு உப்பைத் தேக்கிவைக்கும் வாக்குவோல்களின் தொகுப்பே. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மிகுந்திருக்கும் வெண்கண்டல் வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிட்டு, மீந்ததை இலையின் சுரப்பிகள் வழியாக வெளியே கொட்டுகிறது. நெல்லுக்குச் சதைப்பற்றும் இல்லை, உப்புச் சுரப்பியும் இல்லை. போதாக்குறைக்கு, மற்றப் பயிர்களைவிட நெல்லிடம் மிகுந்திருக்கும் ஒரு கசிவு வழியும் உண்டு. பக்கவேர்கள் முளைத்து வரும் இடங்களில் வேரின் உட்தடுப்பு முழுமையாக மூடியிருப்பதில்லை. சோடியம் எந்தச் செல் சவ்வையும் கடக்காமலேயே, செல்களுக்கு இடையிலுள்ள சுவர்வெளி வழியாகச் சைலத்துக்குள் போய்விடுகிறது. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டிம் பிளவர்ஸும் அந்தோனி யோவும் 1980களில் இந்தப் புறவழியை வெளிப்படுத்தினார்கள். மண்ணில் சிலிக்கா கிடைத்தால் இந்தக் கசிவு குறைகிறது என்பதும் பின்னர் காட்டப்பட்டது.

புறவழி பற்றிய இந்தக் கண்டுபிடிப்புக்குப் பொதுவெளியில் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. சவ்வில் எத்தனை சிறந்த கடத்தியை வைத்தாலும், சவ்வையே தொடாமல் போகும் சோடியத்தை அது எப்படித் தடுக்கும்?

4. நீராவிப்போக்கு என்ற சுமை

செல்லின் அளவிலிருந்து செடியின் அளவுக்கு வருவோம். ஒரு கிராம் உலர் எடை சேர்க்க நெல் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை இலை வழியாக ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வயல் நீரில் சோடியம் 50 மில்லிமோலார். மின்கடத்துத்திறனில் இது மீட்டருக்கு ஏறத்தாழ 5 டெசிசீமென்ஸ், கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு. வேர் எதையுமே தடுக்காவிட்டால் ஒரு கிராம் உலர் எடைக்கு 12.5 மில்லிமோல், அதாவது 287 மில்லிகிராம் சோடியம் இலைக்கு வந்து சேரும். எந்தச் செடியும் அதில் பிழைக்காது.

நூற்றில் 95 பங்கைத் தடுத்தால்? இலையில் ஒரு கிராம் உலர் எடைக்கு மூன்றரை மில்லிலிட்டர் நீர் இருப்பதாகக் கொண்டால் இலைச்சாற்றில் சோடியம் 180 மில்லிமோலாரை நெருங்கும். 98 பங்கைத் தடுத்தால் 70-ஐ ஒட்டி நிற்கும். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் ஒரு செய்தி அதில் தெளிவாக இருக்கிறது. பிழைக்கும் செடிக்கும் கருகும் செடிக்கும் உள்ள வேறுபாடு தடுப்புத் திறனில் இரண்டு மூன்று சதவீதம் மட்டுமே. அதோடு, இலைக்குச் சேரும் மொத்தச் சோடியத்தைத் தடுப்புத் திறன் மட்டும் முடிவு செய்வதில்லை. வயல் நீரின் உவர்ப்பு, எத்தனை நாள் அந்த நீர் நின்றது, இலை எவ்வளவு ஆவியாக்கியது ஆகிய மூன்றும் பெருக்கலில் வந்து சேர்கின்றன.

மாஸும் ஹாஃப்மனும் 1977-இல் தொகுத்த பட்டியல் இன்றும் பாசன ஆலோசனைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. அதன்படி மண்ணின் கடத்துத்திறன் 3 டெசிசீமென்ஸைத் தாண்டியதும் நெல் விளைச்சல் குறையத் தொடங்கி, அதன்பின் ஒவ்வொரு டெசிசீமென்ஸுக்கும் 12 சதவீதம் சரிகிறது. ஏழைத் தொட்டால் விளைச்சல் பாதி. நெல் எல்லா வயதிலும் ஒரே மாதிரி நோவதும் இல்லை. முளைக்கும்போது ஓரளவு தாங்கும், இளநாற்றில் மிகவும் நோகும், தூர் கட்டும்போது மீளும், பூக்கும்போது மறுபடி நோகும். ஆகவே ஒரு ரகத்தைத் 'தாங்கும்' என்று அறிவிப்பவர்கள் எந்த வயதில், எத்தனை உவர்ப்பில், எத்தனை நாள் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த அறிவிப்புக்குப் பொருள் இல்லை.

5. ஒற்றை மரபணு விளக்கத்துக்கு எதிரான சான்றுகள்

1999-இல் எடுவர்டோ ப்ளூம்வால்டின் குழு என்எச்எக்ஸ்1 மரபணுவின் செயலை அரபிடாப்சிஸில் கூட்டி, 200 மில்லிமோலார் உப்பிலும் அது வளர்வதைக் காட்டியது. 2001-இல் அதே உப்பில் தக்காளி காய்ப்பதையும் காட்டியது. உலகமெங்கும் நம்பிக்கை எழுந்தது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதாவின் குழு வெண்கண்டலின் மரபணுக்களைப் பிரித்து நெல்லுக்குக் கொண்டுவரும் ஆய்வில் ஈடுபட்டிருந்தது. அலையாத்தி மரத்தின் குணத்தை நெல்லுக்குத் தருவது என்ற எண்ணத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையில் அது வெறும் எண்ணமாக இருக்கவில்லை, ஓர் ஆறுதலாகவே இருந்தது. எனினும் மரபணு மாற்றிய நெல் எதுவும் இந்தியாவில் இன்றுவரை சாகுபடிக்கு வரவில்லை. அதற்கு அனுமதி முறைகள் மட்டுமே காரணம் என்று சொல்வது முழு உண்மை ஆகாது.

2004-இல் பிளவர்ஸ் வெளியிட்ட மீளாய்வு, பத்தாண்டு மரபணு மாற்ற முயற்சிகளை எடைபோட்டது. வயலில் விளைச்சலை முறையாக அளந்து நிறுவப்பட்டவை அரிது என்பது அதன் கண்டிப்பான முடிவு. சோதனைக் குடுவையில் சில நாள் பிழைத்திருப்பது வேறு, நான்கு மாதம் நின்று கதிர் முற்றுவது வேறு. பின்னர் வந்த ஆய்வுகள் அடிப்படையையே அசைத்தன. என்எச்எக்ஸ்1, என்எச்எக்ஸ்2 இரண்டையும் இழந்த செடிகளை ஆராய்ந்தபோது, அக்கடத்திகளின் அன்றாட வேலை வாக்குவோலில் பொட்டாசியத்தைச் சேமிப்பது என்று தெரியவந்தது. சோடியத்தை அடைக்கும் கருவி என்று புகழப்பட்டது பெரும்பாலும் பொட்டாசியத்தின் காவலாக இருந்திருக்கிறது.

டாஸ்மேனியாவில் செர்கே ஷபாலாவின் குழு பார்லியில் செய்த வேலையும் இதே திசையைக் காட்டுகிறது. உப்புப் பட்டவுடன் வேர் செல்லின் மின்னழுத்தம் தளர்ந்து, வெளிநோக்கித் திறக்கும் வழிகள் வாயிலாகப் பொட்டாசியம் கசிகிறது. எந்த ரகம் குறைவாகக் கசிய விடுகிறதோ அது உப்பில் நன்றாக நிற்கிறது. நுழைவதைத் தடுப்பதைப் போலவே, இருப்பதை இழக்காமல் பிடித்துவைப்பதும் பெரிதென்று இதற்குப் பொருள். அந்த மின்னழுத்தத்தைக் காக்கப் புரோட்டான் பம்புக்கு ஏடிபி வேண்டும். அதற்குச் சர்க்கரையும் மூச்சுவிட ஆக்சிஜனும் வேண்டும். உவர் வயல் பெரும்பாலும் வடிகாலற்ற வயலும்தான். ஆக்சிஜன் குன்றிய சேற்றில் வேரின் ஆற்றல் வரவு சுருங்குகிறது, இறைக்க வேண்டிய அளவோ பெருகுகிறது. ஆகவே வடிகால் வெட்டுவது நிலத்துக்குச் செய்யும் உதவி மட்டும் அல்ல, செல்லின் பம்புக்கு எரிபொருள் தருவதும் ஆகும்.

எச்கேடி1;5 பற்றிய சான்று இவற்றைவிட வலுவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேரளத்தின் உவர்நில நெல்லான பொக்காளியிலிருந்து வந்த 'சால்டால்' என்ற மரபுப்பகுதி முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. எச்கேடி1;5 அதற்குள்ளேயே அமைந்திருப்பதாகக் கருதப்படுகிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐஆர் 29-ஐயும் பொக்காளியையும் கலந்து எடுத்த எப்எல் 478 என்ற நெல் வழியாக இப்பகுதி பல நாட்டு ரகங்களுக்குப் போயிருக்கிறது. பயன் உண்டு, ஆனால் இளநாற்றுப் பருவத்தில்தான் அது தெளிவாகத் தெரிகிறது. பூக்கும் பருவத்துக்கு வேறு மரபுப்பகுதிகள் தேவைப்படுகின்றன.

2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல்களில் ஒன்றான பூசா டிஎஸ்டி நெல் 1 இவ்விடத்தில் கூர்ந்து பார்க்க வேண்டியது. வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்று சொல்லப்படும் இதில் திருத்தப்பட்டது எந்த அயனிக் கடத்தியும் அல்ல. இலைத்துளைகளின் செயலைக் கட்டுப்படுத்தும் டிஎஸ்டி என்ற மரபணுவைத்தான் முடக்கியிருக்கிறார்கள். இலைத்துளை குறைந்தால் நீராவிப்போக்கு குறையும், நீரோடு ஏறும் சோடியமும் குறையும். பம்பைத் தொடாமலேயே பம்பின் சுமையைக் குறைக்கும் வழி இது. நான்காம் பகுதியில் சொன்ன பெருக்கலில் வேறோர் எண்ணை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவே.

6. பொக்காளி உண்மையில் எப்போது விதைக்கப்படுகிறது

உப்பைத் தாங்கும் நெல்லுக்கு உலகெங்கும் காட்டப்படும் எடுத்துக்காட்டு பொக்காளி. கேரளத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் விளைவது. தென்மேற்குப் பருவமழை இறங்கி நிலத்தின் உப்பைக் கழுவிய பிறகே அதை விதைக்கிறார்கள். மேடு கட்டி, மேட்டின் உப்பு மழையில் இறங்கட்டும் என்று காத்திருந்து, முளைகட்டிய விதையை அதன்மேல் இடுகிறார்கள். அறுவடைக்குப் பின் நவம்பர் வாக்கில் மதகைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டு ஏப்ரல்வரை இறால் வளர்க்கிறார்கள். உவர்ப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் அந்த வயலில் நெல்லே கிடையாது.

பொக்காளியின் செல்லை ஆராய்ந்த யோவும் பிளவர்ஸும் கண்டதும் எதிர்பார்த்தது அல்ல. அதன் இலையில் சோடியச் செறிவு குறைவாக இருப்பதற்கு ஒரு பெரும் காரணம், அது உயரமாக, விரைவாக வளர்வது. நுழைந்த சோடியம் பெரிய உடலில் பரவி நீர்த்துப்போகிறது. இதை ஏற்றுக்கொண்டால், குட்டை ரகங்களை நோக்கிப் போன கடந்த அறுபது ஆண்டு நெல் வளர்ப்பு விளைச்சலைக் கூட்டியபோதே இந்த நீர்த்தலின் பாதுகாப்பையும் ஓரளவு இழந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. தஞ்சை டெல்டா 1960களில் தீவிர வேளாண் திட்டத்தின் களமாக இருந்தது. குட்டை ரகங்களுக்கான அந்த மாற்றம் இங்கே முழு வேகத்தில் நடந்தது.

நாகை, திருவாரூர் கடலோரத்தின் பழைய ரகங்களையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க விரும்புகிறேன். குழியடிச்சான், களர்பாளை, உவர்முண்டான் ஆகியவை உவர்நிலத்துக்கு உரியவையாக உழவர்கள் வழிவழியாக வைத்திருந்தவை. நெல் ஜெயராமன் 2006 முதல் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்கள் வழியாகப் பாரம்பரிய ரகங்கள் பல வயல்களுக்குத் திரும்பின. அரசுத் தரப்பில் திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி டிஆர்ஒய் வரிசை ரகங்களைத் தந்திருக்கிறது. அவை முதன்மையாகக் களர் நிலத்துக்கானவை. களரில் சிக்கல் சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்குவதும் காரத்தன்மை ஏறுவதும். உவரில் சிக்கல் கரைந்த உப்பின் மிகுதி. வேரின் சவ்வு சந்திக்கும் நிலைமை இரண்டிலும் ஒன்றல்ல. ஆகவே ஒன்றுக்கு ஏற்ற ரகம் மற்றொன்றுக்கும் ஏற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

7. இறாலின் செவுளும் பக்கத்து வயலும்

அயனிச் சமநிலை பற்றிய மிகப் பெரிய வழக்கு நாகை மாவட்டத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கில் யாரும் அதை அந்தப் பெயரால் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் நாகைக் கரையோரம் இறால் பண்ணைகள் பெருகின. கடல்நீரை இறைத்துக் குளங்களில் தேக்கினார்கள். பக்கத்து வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் உவர்த்தன. நிலமற்ற தலித் பெண்களுக்கு நிலம் வாங்கித் தரும் இயக்கத்தை நடத்திவந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் போராட்டத்தில் இறங்கினார்கள். எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. 1991 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்குட்பட்ட பகுதியில், மரபு முறைப் பண்ணைகள் நீங்கலாக மற்றவற்றை அகற்றவும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பின்னர் சீராய்வு மனுக்கள் வந்தன, 2005-இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டமும் வந்தது. அந்த நீண்ட கதைக்குள் நான் போகவில்லை.

ஒரே நீர் இறாலை வளர்த்து நெல்லைக் கொன்றது ஏன் என்பதே இங்கு என் கேள்வி. கறுப்பு வரி இறாலின் உடல்நீர் ஏறத்தாழ ஆயிரத்துக்கு 25 பங்கு உப்புள்ள நீருக்குச் சமமான செறிவு கொண்டது. அதற்கு மேலோ கீழோ போனால் அதன் செவுளிலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பு வேலையைக் கூட்டிச் சமன் செய்கிறது. ஸ்கௌ நண்டில் கண்ட அதே பம்பு. இறாலுக்கு அந்த நேரடிப் பம்பு உண்டு, அதை இயக்கத் தீவனமும் உண்டு. நாள் முழுவதும் வெளிநீரைத் தன் உடல் வழியாக இழுத்து ஆவியாக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. நெல்லுக்கு அந்தக் கட்டாயம் இருக்கிறது. இறால் குளத்திலிருந்து கசிந்த நீர் வயலில் கடலின் பத்தில் ஒரு பங்கு உவர்ப்பைத் தந்தாலே நெல்லின் விளைச்சல் சரியும் என்பதை முன்பே கண்டோம்.

பொக்காளி வயலிலும் நெல்லும் இறாலும் உண்டு. ஆனால் அங்கே அவை ஒரே நிலத்தை வேறு வேறு பருவங்களில் பகிர்கின்றன, இடையில் மழை வந்து கழுவுகிறது. நாகையில் ஒருவர் குளமும் இன்னொருவர் வயலும் ஒரே பருவத்தில் ஒரு வரப்பு இடைவெளியில் இருந்தன. ஒருவரின் வருமானத்துக்கான உப்பை இன்னொருவரின் பயிர் தன் செல்களில் இறைக்க வேண்டியிருந்தது. இது உயிரியலின் பிழை அல்ல, நில உரிமையின் அமைப்பு.

8. ஆழிப்பேரலைக்குப் பின் நிலத்தை மீட்டது எது

2005-இல் நாகைக் கரையில் பல வேலைகள் நடந்தன. படிந்த கடல் மணலையும் சேற்றையும் வழித்தார்கள். ஜிப்சம் இட்டார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இப்பகுதியிலேயே தங்கி, உயிர்ப்பொருள்களை மண்ணில் சேர்த்து நிலத்தை மீட்கும் வேலையில் உழவர்களோடு நின்றார். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட மிகுதியாகக் கொட்டியது. நாகை மண்ணை ஆழிப்பேரலைக்குப் பின் தொடர்ந்து அளந்த ஆய்வுகள், அம்மழைக்குப் பின் பெரும்பாலான இடங்களில் உவர்ப்பு வெகுவாகத் தணிந்ததைக் காட்டின. கரையோர மணற்பாங்கில் உப்பு விரைவில் இறங்கியது, வடிகால் கெட்ட களிமண்ணில் தாமதமானது.

மீட்பில் எந்த முயற்சிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டுவது கடினம். பசுந்தாள் உரமும் ஜிப்சமும் மழைக்கு வழி திறந்தன என்பது என் மதிப்பீடு. உப்பை உடல்ரீதியாக அங்கிருந்து கொண்டுபோனது நீர்தான். உவர் தாங்கும் ரகங்கள் அந்த இடைக்காலத்தைக் கடக்க உதவின. 'மரபணு காப்பாற்றியது' என்றோ 'இயற்கை உரம் காப்பாற்றியது' என்றோ ஒரே வரியில் சொல்லும் கதைகளைச் சான்று ஆதரிக்கவில்லை.

ஜிப்சத்தைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதிலுள்ள கால்சியம் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை விடுவித்து நீரோடு போகவிடுகிறது என்பது வேளாண் கையேடுகளில் உள்ளது. செல் சவ்விலும் கால்சியத்துக்கு நேரடி வேலை உண்டு என்பது அங்கே அரிதாகவே சொல்லப்படுகிறது. 1969-இல் லஹேயும் எமானுவல் எப்ஸ்டைனும் பீன்ஸ் செடிகளை 50 மில்லிமோலார் உப்பில் நிறுத்தினார்கள். கால்சியம் போதிய அளவு இருந்தபோது இலைக்குச் சோடியம் ஏறவில்லை, செடி நலமாக நின்றது. கால்சியம் குறைந்தபோது சோடியம் ஏறிச் செடி கெட்டது. சோடியம் நுழையும் தேர்வற்ற அயனி வழிகளைக் கால்சியம் அடைக்கிறது என்று பின்னர் விளங்கியது. எஸ்ஓஎஸ்1-ஐ முடுக்கும் சமிக்ஞையும் கால்சியமே. ஆகவே நாகை வயலில் இட்ட ஜிப்சம் மண்ணில் ஒரு வேலையும் வேரின் சவ்வில் இன்னொரு வேலையும் செய்திருக்க வாய்ப்புண்டு. மண்ணியலாரும் செல் உயிரியலாரும் தனித்தனியே எழுதுவதால் இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் அமைவதில்லை.

9. கடைமடைக்கு வேண்டிய சோதனை

கடைமடை என்பது காவிரியின் நன்னீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தள்ளிப்போனாலோ, திறந்த நீர் மேல்மடைகளிலேயே தீர்ந்துபோனாலோ இங்கே இரண்டு இழப்புகள் நேர்கின்றன. பயிருக்கு நீர் இல்லை என்பது வெளியே தெரிவது. ஆற்றுவாய்களில் ஏறும் கடல்நீரை எதிர்த்துத் தள்ளும் நன்னீரும் நிலத்தடியில் அதைத் தடுத்து நிற்கும் நன்னீரும் இல்லாமல் போவது மறைவாக நடப்பது. அந்த ஆண்டில் ஒரு சம்பா நாற்றின் வேர் செல், தலைமடை நாற்றின் வேர் செல் செலவிடாத ஏடிபியைச் சோடியத்தை இறைக்கச் செலவிடுகிறது. அந்த ஆற்றல் கதிருக்குப் போயிருக்க வேண்டியது. உப்பைத் தாங்குவதற்குப் பயிர் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்ற கேள்வியை ரானா மன்ஸும் சக ஆய்வாளர்களும் 2020-இல் விரிவாக எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பேசியது பொதுவாகப் பயிர்களைப் பற்றி. கடைமடை நெல்லுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது இங்குள்ள ஆய்வு நிலையங்களின் வேலை.

அதற்குப் புதிய கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. தலைஞாயிறு, வேதாரண்யம், கீழ்வேளூர் ஒன்றியங்களில் ஒரே பருவத்தில் குழியடிச்சான், களர்பாளை, ஒரு டிஆர்ஒய் ரகம், சால்டால் ஏற்றிய ஒரு ரகம் ஆகியவற்றை உழவர் வயலிலேயே அருகருகே நட வேண்டும். நாற்று, தூர், பூ ஆகிய மூன்று பருவங்களிலும் வயல் நீரின் கடத்துத்திறனைக் குறித்துவர வேண்டும். அதே நாள்களில் இலையில் சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். வாய்க்காலில் நன்னீர் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் நின்றது என்பதையும் அதே பதிவேட்டில் எழுத வேண்டும். விளைச்சலை மட்டும் அறிவிக்கும் பரிசோதனையில், நெல் தாங்கியதா, மழை கழுவியதா, வாய்க்கால் நீர் நேரத்துக்கு வந்ததா என்பது தெரியாமலே போகிறது. இந்த விவரங்கள் கையில் இருந்தால், ஒரு ரகத்தைக் கடைமடைக்குப் பரிந்துரைக்கும் துறை, அந்த ரகம் எத்தனை நாள் நன்னீர் இல்லாமல் நிற்கும் என்பதையும் உழவருக்கு எழுதிக் கொடுக்க முடியும்.